சின்ன டிரக், பெரிய முதுகுவலி

"அது டிரக் இல்லடா வெர்லின். டிரக் போட்ட குட்டி."

டெல்மர் இப்படிச் சொல்லிவிட்டு அந்தக் குட்டியின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். வெர்லின் ஸ்டக்கி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார். நேற்று இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. இன்று இது மூன்றாவது.

தரையிலிருந்து ஒரே எட்டில் இருக்கைக்குப் போய்விடலாம். பக்கத்தில் நின்ற பெரிய டிரக்கில் ஏறுவதென்றால் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஆண்டவரையும் ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். அறுபத்து நாலு வயதில் இதையெல்லாம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

"இருபத்தொரு வருஷமா பெரிய டிரக்கு ஓட்டினவன் நீ," என்றார் டெல்மர். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, எங்கள் சின்ன ஊரான டோபினில் ஓடுகிற டிரக்குகளில் பாதிக்கு மேல் அவர் விற்றவைதான். "பழசுல கியர்பாக்ஸ் போச்சுன்னா உனக்குப் புத்தியுமா போகணும்? பின்னாடி பெட்டியப் பாரு, அஞ்சடிதான் இருக்கு. ஒரு பலகைய படுக்க வைக்க முடியாது. கட்டில் ஏத்த முடியாது. பிரிட்ஜ் ஏத்தினா அதுக்கு நீ முன்சீட்டுலதான் இடம் குடுக்கணும்."

'அதுக்குத்தான்டா இதப் பாக்குறேன்' என்று வெர்லினுக்கு வாய் வரைக்கும் வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"என் ஷெட்டுல பெரிசு நுழைய மாட்டேங்குது," என்றார்.

"இருபத்தொரு வருஷமா வெளியதானே நின்னுச்சு? திடீர்னு உன் டிரக்குக்குக் குளிருதா?"

வெர்லின் இறங்கி, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

விஷயம் ஷெட்டும் இல்லை, படியும் இல்லை. சனிக்கிழமை. அஞ்சு வருஷமாக வெர்லினுக்குச் சொந்தமாக ஒரு சனிக்கிழமை கிடைத்ததில்லை. விடிந்து ஏழு மணிக்கெல்லாம் போன் அடிக்கும். அடுத்த வீட்டு ஜெரிலினுக்கு அவளுடைய பியானோவை மகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பியானோவை மகள் வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு சர்ச்சுக்கு. பிறகு சர்ச்சில் ஈரம் என்று மறுபடி வீட்டுக்கு. பாஸ்டர் லைல் தன் அலமாரியை எங்கே வைப்பது என்று வேதத்தில் தேடியும் விடை கிடைக்காதவர்போல அதை ஊரெல்லாம் சுற்றவைத்தார். சாப்பாட்டுக் கடை ஒலீட்டா ஒரு பழைய ஃப்ரீசரை அக்காவுக்குக் கொடுப்பாள், சண்டை வந்ததும் பிடுங்கிக்கொள்வாள், சமாதானம் ஆனதும் மறுபடி கொடுப்பாள்.

டோபினில் டிரக் இல்லாத வீடே கிடையாது. ஜெரிலின் வாசலில் மட்டும் மூன்று நிற்கின்றன. ஆனால் ஒன்றில் பிரேக் சரியில்லை, இன்னொன்றில் வைக்கோல், மூன்றாவது எப்போதும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். தங்கள் வண்டியில் கீறல் விழக்கூடாது, வெர்லின் வண்டியில் விழலாம். அவ்வளவுதான் சங்கதி என்று வெர்லின் எப்போதோ முடிவு கட்டிவிட்டார். பஞ்சு மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் சும்மாதானே இருக்கிறான் என்கிற இளக்காரம்.

முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. அந்த வேலையை மனைவி நெல்டா பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து, "அவருக்கு இன்னைக்குத் தோதுப்படாது," என்று தேன் மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். நெல்டா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் முடியாது சொல்ல ஆள் இல்லை. ஓய்வு பெற்றபோது மில்லில் கொடுத்த தூண்டில் ஒரு தடவைகூடத் தண்ணீரைப் பார்க்காமல் ஷெட்டில் தொங்குகிறது. ஏரி நாற்பது மைல் தூரத்தில், அதுபாட்டுக்கு மீனோடு இருக்கிறது.

சின்ன டிரக் வாங்கிவிட்டால் முடியாது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. டிரக்கே சொல்லிவிடும்.

இவ்வளவு நேர்த்தியான திட்டத்தோடு அவர் மதியம் ஒலீட்டா கடைக்குச் சாப்பிடப் போனார். உட்காருவதற்கு முன்னால் காப்பி வந்தது, காப்பியோடு கேள்வியும் வந்தது.

"ஏன் கண்ணு, சின்ன டிரக்கப் பாத்தியாமே?"

"டெல்மர் சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? ரோட்டுல போன மூணு பேரு சொன்னாங்க. நீ உள்ள உக்காந்தப்ப தொப்பி கூரையில இடிச்சுதாம்."

கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லா முட்கரண்டியும் நின்றுவிட்டது. மூலையில் ராய்ஸ்கூடத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ராய்ஸ் என்றால் ஜெரிலின் புருஷன். அவள் பேசுகிற பேச்சிலேயே இரண்டு பேர் பங்கும் தீர்ந்துவிடுவதால் அவர் வாயைத் திறப்பதில்லை. அவரே தலையைத் தூக்குகிறார் என்றால் ஊரே கலங்கிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

'பாரு, இலவச வண்டி போயிடுமோன்னு எப்படி முழிக்கிறானுங்க' என்று வெர்லின் மனதுக்குள் நினைத்துக்கொண்டார். ஆனால் பன்னிரண்டு பேர் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல முடியுமா? வாயில் முதலில் வந்ததைச் சொன்னார்.

"முதுகு."

"முதுகா? என்ன ஆச்சு முதுகுக்கு?"

"அமரில்லோ டவுனுக்குப் போயி டாக்டர்கிட்ட காமிச்சேன். இனிமே பாரமே தூக்கக்கூடாதுன்னுட்டார். ஏறி இறங்க அந்தச் சின்னதுதான் தோது."

ஒலீட்டா காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவள் கெட்டிலைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"ஐயோ ராசா," என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளேதான் போன் இருக்கிறது.

எங்கள் பக்கத்து சபைகளில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது முடியவில்லை என்றால் ஒருவர் இரண்டு பேருக்குப் போன் பண்ண வேண்டும், அந்த இரண்டு பேர் நாலு பேருக்கு. ஜெபம் பரலோகத்துக்கு எவ்வளவு வேகத்தில் போகிறதோ தெரியாது, வியாதி ஊருக்குள் அதைவிட வேகமாகப் போகும். முதல் போனில் முதுகுச் சுளுக்காக இருந்தது, மூன்றாவது போனில் தண்டுவடம் ஆயிற்று. ஏழாவது போனில் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மாலை நாலு மணிக்கு வெர்லின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஜெரிலின். இரண்டு கையிலும் துணி சுற்றிய கண்ணாடிப் பாத்திரம், ஆவி பறக்கிறது. கோழியும் சீஸும் அடுக்கிச் சுட்டது. வெர்லின் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், "உள்ள வா, கதவு திறந்துதான் இருக்கு," என்று நாற்காலியிலிருந்தே கூப்பிட்டார்.

உள்ளே வந்த ஜெரிலின் அவரைச் சாய்வு நாற்காலியில் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"அண்ணே, மறுபடி அதுல உக்காந்துட்டீங்களா?"

"நாற்காலின்னா உக்காரத்தானே ஜெரிலின்?"

"இல்லண்ணே, உக்காருங்க, உக்காருங்க. நான் ஒண்ணும் சொல்லல." அவள் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்தை அடுப்படியில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள்.

இருட்டுவதற்குள் இன்னும் எட்டுப் பாத்திரம் வந்தது. மறுநாள், புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினேழு. எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் வீட்டுக்காரர் பேர் எழுதி ஒட்டியிருக்கும். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொடுக்காதவனை யாரும் மறக்கவும் மாட்டார்கள். வெர்லின் பிரிட்ஜ் நிறைந்து, சமையல் மேடை நிறைந்து, கடைசியாக வந்த பீச் பழப் பலகாரம் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

அவர் ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கி அடியில் பேரைப் படித்தார். தன்னோடு ஒரு தடவை சண்டை போட்ட பக் மோஸ்லியின் வீட்டிலிருந்துகூட பீன்ஸ் வந்திருந்தது. மூடியைத் திறந்தபடியே நினைத்துக்கொண்டார். இத்தனை பேர் எனக்காக அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். நான் என்னடாவென்றால் இவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு அலமாரி ஏற்ற மூக்கால் அழுகிறேன். ஒரு ஸ்பூன் பீன்ஸ் வாயில் போட்டார். ருசியாக இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நேராகப் பாஸ்டர் லைலிடம் போனார்.

"பாஸ்டர், எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கேன்."

முப்பத்தாறு வயது பாஸ்டர், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பிரதர், இப்படிச் சொல்ல எவ்வளவு விசுவாசம் வேணும்னு எனக்குத் தெரியும்."

"விசுவாசம் இல்ல பாஸ்டர், நெசமாத்தான் சொல்றேன். வலியே கிடையாது."

"வலியே தெரியலையா?" பாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது. "எப்பல இருந்து தெரியல?"

"எப்பவுமே தெரியல! முதுகு கல்லு மாதிரி இருக்கு!"

"மரத்துப் போச்சா," என்றார் பாஸ்டர் மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று மாலை ஆராதனையில் வெர்லினுக்காகத் தனியாக இருபது நிமிஷம் ஜெபம் நடந்தது. "தன் வேதனையை மறைத்து மற்றவர்களைத் தேற்றுகிற அருமைச் சகோதரர்" என்று பாஸ்டர் சொன்னபோது பின்வரிசையில் மூன்று பெண்கள் தேம்பினார்கள். வெர்லின் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓட முடியவில்லை. எழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் புது யோசனை பிறந்தது. பேச்சை நம்பவில்லை என்றால் செய்து காட்டிவிட வேண்டியதுதான். தீவனக் கடைக்குப் போய் ஐம்பது பவுண்டு மூட்டை ஒன்று வாங்கினார். தோளில் போட்டுக்கொண்டார். ஊரின் ஒரே பெரிய தெருவில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, நெஞ்சை நிமிர்த்தி விசிலடித்துக்கொண்டு நடந்தார்.

பாதி தெரு தாண்டுவதற்குள் நாலு பேர் ஓடிவந்து மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் அவரைப் பெஞ்சியில் உட்காரவைத்தார்கள். ஒலீட்டா கடையிலிருந்து தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"எதுக்குக் கண்ணு இந்த வேலை? என்ன மூட்டை இது?"

"மாட்டுத் தீவனம்," என்றார் வெர்லின்.

ஒலீட்டா சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராசா," என்றாள் மிகவும் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல. "உங்கிட்ட மாடு இல்லையே."

மத்தியானத்துக்குள் வியாதி முதுகிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று சங்கிலி முழுவதும் செய்தி போய்ச் சேர்ந்தது. வெர்லின் வீடு திரும்பியபோது அவர் வீட்டு முற்றத்துப் புல்லை ராய்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வெர்லின் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். ராய்ஸ் கையை ஆட்டிவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தார். அவ்வப்போது நின்று, இடுப்பில் கை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இந்த வெயிலில் இந்த மனுஷனுக்கு என்ன தலையெழுத்து என்று நினைக்க வெர்லினுக்கு அவமானம் தாங்கவில்லை.

இனி ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை காலையில் டெல்மரிடம் போனார்.

"பெரிசே குடுடா. இருக்கறதுலயே பெரிசு. எட்டடிப் பெட்டி, நாலு கதவு, இழுவைக் கொக்கி, எல்லாம்."

நோஞ்சானும் சாகப்போகிறவனும் இவ்வளவு பெரிய டிரக் வாங்குவானா? ஊரே புரிந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமைகள் போகும். போகட்டும். தூண்டில் தொங்கட்டும். இத்தனை பேருடைய கண்ணீரைவிட ஒரு பியானோ லேசுதான்.

டெல்மர் வழக்கம்போல நக்கல் பண்ணவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"டேய் டெல்மர், என்னடா?"

"மனசுல இருந்ததைச் சொல்லிட்டியேடா," என்றார் டெல்மர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சின்னது போதும், சின்னது போதும்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும். எத்தனை நாள் ஓட்டப்போறோம்னுதானே சின்னதக் கேட்ட? வேணாம்டா. ஆசப்பட்டத ஓட்டிப் பாத்துரு. இதுல எனக்கு ஒரு பைசா லாபம் வேணாம்."

"டெல்மர், நான் சாகலடா!"

"யாருதான்டா சாகாம இருக்கோம்," என்று டெல்மர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நாற்பது வருஷமாக விலையில் ஒரு டாலர் இறங்காத மனிதர். வெர்லினுக்குத் தன்னைத் திருடன் என்றே தோன்றியது. கையெழுத்துப் போடாமல் ஓடிவந்துவிட்டார்.

போகும்போது டெல்மர் பின்னாலிருந்து கத்தினார். "நாளைக்கு ரெண்டையும் தீயணைப்பு ஷெட்டுக்குக் கொண்டாந்து நிறுத்தறேன்டா! எல்லாருக்கும் முன்னாடி எத வேணாலும் எடுத்துக்கோ!"

"எதுக்கு தீயணைப்பு ஷெட்டுக்கு?" என்று வெர்லின் திரும்பிக் கேட்டார்.

டெல்மர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அது வெர்லினுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாஸ்டரும் ஒலீட்டாவும் வந்து வெர்லினை அழைத்துப்போனார்கள். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே புகை போட்டு மாட்டிறைச்சி வாட்டியிருந்தார்கள். வாசனை தெருமுனை வரை வந்தது. பக் மோஸ்லி ஏப்ரன் கட்டிக்கொண்டு கறியை வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு டிரக்குகள், சின்னதும் பெரியதும், இரண்டுக்கும் நெற்றியில் சிவப்பு ரிப்பன். ஒரு வாளியில் "வெர்லின் வைத்தியத்துக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தது. வாளி வழிந்துகொண்டிருந்தது.

டோபினில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

வாளியைப் பார்த்ததும் வெர்லினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். பிடிப்பதற்குப் பத்துப் பேர் ஓடிவந்தார்கள்.

"யாரும் பிடிக்க வேணாம்!" என்று கத்தினார். "பிடிக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு முதுகும் நல்லா இருக்கு, தலையும் நல்லா இருக்கு. நான் எந்த டாக்டர்கிட்டயும் போகல. பொய் சொன்னேன்."

பக் மோஸ்லி கத்தியை நிறுத்தினார்.

"சனிக்கிழமையானா உங்க சாமான ஏத்தி இறக்கி எனக்குச் சலிச்சுப்போச்சு. முடியாதுன்னு சொல்ல தைரியம் இல்ல. சின்ன டிரக்கு வாங்கிட்டா யாரும் கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன். அத மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டு முதுகுன்னுட்டேன். அது முதுகோட நிக்காம எங்கெங்கயோ போயிடுச்சு."

ஜெரிலின்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்லினுக்குக் கண்ணீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

"பதினேழு பாத்திரம்! என் புல்ல வெட்டினீங்க, எனக்காக அழுதீங்க, இந்த வாளிய ரொப்பினீங்க. நான் இதுக்கெல்லாம் லாயக்கே இல்லாத ஆளு. நெல்டா போன அன்னைக்கு, இனிமே இந்த உலகத்துல எனக்குன்னு யாரும் இல்லன்னு நெனச்சேன். அது எவ்வளவு பெரிய பொய்யின்னு இந்த வாரந்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்? சொன்னாத் தீராது. செஞ்சுதான் தீக்கணும்."

அவர் வாசல் பக்கம் கையை நீட்டினார். இருக்கிறதிலேயே பெரியதைக் காட்டினார்.

"டெல்மர், அந்தப் பெரிசுக்குக் காகிதத்த எடு, முழு விலைக்கு. இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி சத்தியம் பண்றேன். இனிமே நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில ஏழு மணிக்கு வண்டிய எடுத்துக்கிட்டு உங்க வாசல்ல நிப்பேன். நீங்க கூப்பிடக்கூட வேணாம். நானே வருவேன். என்ன இருந்தாலும் ஏத்துவேன். சனிக்கிழமை போதலன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வரேன்!"

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

ஜெரிலினுக்கு முகம் வெளிறிவிட்டது. பாஸ்டர் லைல் ஷெட் கூரையைப் பார்த்தார். ஒலீட்டா தன் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். டெல்மர் பேனாவைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். "நீ சொல்லு," "இல்ல, நீயே சொல்லு," என்று கூட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"என்ன ஆச்சு? யாராவது வாயத் திறந்து சொல்லுங்களேன்!" என்றார் வெர்லின் நாற்காலி மேல் நின்றபடி.

கடைசி மேசையிலிருந்து ராய்ஸ் எழுந்தார். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு முனகலோடு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்து முடிக்கும் வரை கூட்டமே காத்திருந்தது.

"சின்னதையே வாங்குய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் ராய்ஸ். "நெல்டா போனப்புறம் நீ கெடையாக் கெடந்த அந்தச் சாய்வு நாற்காலியில இருந்து உன்னக் கெளப்பறதுக்குன்னே அஞ்சு வருஷமா, வீட்டுல வச்ச எடத்துல நல்லாயிருந்த சாமானையெல்லாம் முறை போட்டு ஊரு பூரா தூக்கிக்கிட்டு அலைஞ்சோம், முதுகு போனது எங்களுக்குத்தான்."